வணக்கத்துக்குரிய மார் இவானியோஸ் ஆண்டகை

மயிலையில் அப்போஸ்தலரான அர்ச். தோமையாரின் கல்லறைக்கு அருகே வாழும் பாக்கியம் பெற்றவர்கள் நாம். அவர் மலையாள நாட்டில் வித்திட்ட விசுவாசக் குடும்பம் இடைக்காலத்தில் பிளவுபட்டது. அதில் ஒரு பகுதியைத் தாய்த் திருச்சபையோடு சேர்க்கும்பொருட்டுத் தம் உடைமைகளைத் துறந்த ஒரு மேற்றிராணியாரை இம்மலரில் நினைவுகூர்வது பொருத்தமே.

1653-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள், போர்த்துக்கீசியரின் ஆதிக்கத்தை வெறுத்த தோமையார் கிறிஸ்தவர்கள் மட்டாஞ்சேரியில் ஒரு சிலுவையின்முன் ஆணையிட்டனர். இதுவே கூனன் குருசு சத்தியம். பின்னர் ஒரு சாரார் உரோமையோடு ஒன்றித்து வாழ்ந்தனர். மற்றொரு சாரார் அந்தியோக்கியாவோடு உறவு கொண்டு தனிச் சபையாயினர்.

அச்சபையில், மாவேலிக்கரைப் பணிக்கர் குடும்பத்தில், 1882 செப்டம்பர் 21-ல் பிறந்தவர் கீவர்கீஸ். 1900-ல் தியாக்கோன் பட்டம் பெற்றார். பின் நம் சென்னைக்கு வந்து கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, 1907-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார். இன்று தாம்பரத்தில் உள்ள அக்கல்லூரி அந்நாளில் பாரிமுனையருகே இருந்தது. 1908-ல் குருவானவரை மக்கள் அன்போடு எம்.ஏ. அச்சன் என்றே அழைத்தனர்.

அந்நாட்களில் அச்சபை இரு கட்சிகளாகப் பிரிந்து நின்றது. 1808-ல் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் நிரந்தர வட்டிக்குப் போடப்பட்ட 3,000 பூவராகனின் வட்டி யாருக்கு உரியது என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. அச்சன் தம் ஞானத்தந்தை போன்ற வட்டசேரில் மார் திவன்னாசியோஸ் மெத்திராப்போலீத்தாவின் பக்கம் நின்றார். 1912-ல் கத்தோலிக்கோஸ் பீடம் நிறுவப்படவும் உழைத்தார். ஆயினும் வழக்குமன்றத்தால் ஆன்மாக்களுக்கு விளைந்த நன்மை என்ன என்ற கேள்வி அவரை விடவில்லை. சேராம்பூர்க் கல்லூரியில் பேராசிரியராக இருந்தபின், 1919-ல் இரான்னி பெருநாட்டுக் காட்டில் பெத்தானி ஆசிரமத்தைத் தொடங்கினார். 1925-ல் மார் இவானியோஸ் என்ற பெயரில் மேற்றிராணியாரானார்.

1926-ல் பருமலையில் கூடிய ஆயர்கள், உரோமையோடு கடிதத் தொடர்பு கொள்ளும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தனர். சீரிய வழிபாட்டு முறை காக்கப்பட வேண்டும், ஆயர்கள் தம் பதவியில் தொடர வேண்டும் என்பவை முக்கிய வேண்டுகோள்கள். 1928-ல் நீதிமன்றத் தீர்ப்பு அவர் சார்ந்த கட்சிக்கே சாதகமாயிற்று. எனவே தோற்றவர் புகலிடம் தேடிப் போனார் என்று எவரும் சொல்ல இயலாது. 1930 ஜூலையில் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதரின் சாதகமான பதில் வந்தது. ஆனால் உடன் கையொப்பமிட்டு வர வேண்டியவர்கள் பின்வாங்கினர்.

இப்போது அவர் முன் இருந்தவை இரண்டு. ஒருபுறம் தம்மை வளர்த்த மெத்திராப்போலீத்தா, தாம் காடு வெட்டி எழுப்பிய பெத்தானி, நேற்றுவரை தம்மைக் கொண்டாடிய மக்கள், மறுபுறம் மனச்சாட்சி. பெருநாட்டு ஆசிரமத்துக்காக வழக்காட அவர் விரும்பவில்லை. அதை விட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியேறினார். 1930 செப்டம்பர் 20-ல், தம் 48-வது பிறந்த நாளுக்கு முந்திய நாள், கொல்லம் ஆயரில்லச் சிற்றாலயத்தில் ஆயர் பென்சிகர் ஆண்டகை முன்னிலையில் விசுவாச அறிக்கை செய்தார். மார் தெயோபிலோஸ் ஆண்டகை உட்பட உடன் வந்தவர் நால்வரே!

அந்த ஐவரிலிருந்து சீரோ மலங்கரைத் திருச்சபை வளர்ந்தது. 1932-ல் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டம் நிறுவப்பட்டு, அவர் அதன் முதல் பேராயரானார். 1949-ல் அங்கு அவர் நிறுவிய கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1953 ஜூலை 15-ல் இறைவனடி சேர்ந்தார். பட்டம் பேராலயத்தில் அவரது கல்லறை உள்ளது. 2024 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக ஏற்றார்.

அவர் விட்டுவந்த சபையாரும் தோமையாரின் பிள்ளைகளே. இராயப்பேட்டையில் வெஸ்லி ஆலயத்தாரோடும் பிற சபையாரோடும் அண்டை அயலாராய் வாழும் நாம், வாக்குவாதத்தை விடுத்து, ஒரே மந்தையாகும் நாளுக்காக இந்த ஜூபிலி ஆண்டில் வேண்டுவோமாக!