ஓசிப் மாண்டல்ஸ்டாம்: கேட்ட செவிகளும் காத்த நெஞ்சும்

இருபதாம் நூற்றாண்டு ரஷ்யப் பெருங்கவிஞர்களுள் ஒருவரான ஓசிப் மாண்டல்ஸ்டாமின் முடிவுக்கு ஸ்டாலினின் ஆட்சியே காரணம் என்பது இலக்கிய அன்பர்கள் அறிந்த செய்தி. அம்முடிவை நோக்கி அவரைத் தள்ளிச் சென்றவர்களுள் காவல்துறையினர் மட்டுமன்றி, கவிதை கேட்டவர்களும், கவிதைக்கு மதிப்புரை எழுதியவர்களும், எழுத்தாளர் சங்கத்தின் பொறுப்பில் இருந்தவர்களும் இருந்தனர் என்பது அத்துணை பேசப்படாத செய்தி.

1891ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் வார்சா நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தந்தை தோல் வணிகர். தாய் இசை பயிற்றுவித்தவர். பீட்டர்ஸ்பர்க் நகரில் வளர்ந்து, தெனிஷேவ் பள்ளியில் பயின்றார். பாரிசிலும் ஹைடல்பர்க்கிலும் சிறிது காலம் கல்வி கற்றார். யூத மாணவர்க்கு ரஷ்யப் பல்கலைக்கழகங்களில் இட வரம்பு இருந்த காலம் அது. 1911இல் திருமுழுக்குப் பெற்ற பின்னரே பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அவரால் சேர முடிந்தது. ஒருவரது சமயமும் பிறப்பும் அரசுப் பதிவேட்டின் உடைமையாக இருந்த நிலை ஜார் ஆட்சியோடு தொடங்கி, அதனோடு முடியாமல் தொடர்ந்தது.

குமிலியோவ், அன்னா அக்மதோவா ஆகியோருடன் இணைந்து அக்மெயிசம் என்னும் கவிதை இயக்கத்தை அவர் வளர்த்தார். ‘கல்’ என்னும் முதல் தொகுப்பு 1913இல் வெளிவந்தது. ‘திரிஸ்தியா’ 1922இல் வந்தது. இவ்விரண்டுக்கும் இடையே புரட்சி நிகழ்ந்தது. 1921இல் குமிலியோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். 1919இல் கீவ் நகரில் சந்தித்த நடேஸ்டா, பின்னர் மாண்டல்ஸ்டாமின் வாழ்க்கைத் துணைவியானார்.

1930களின் தொடக்கத்தில் சோவியத் குடிமகனின் தனிவாழ்க்கை படிப்படியாகச் சுருங்கியது. 1932 ஏப்ரலில் வெளியான ஆணை இலக்கியக் குழுக்களைக் கலைத்து, ஒரே சங்கத்துக்கு வழி வகுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் உள்நாட்டுக் கடவுச்சீட்டு முறை வந்தது. எந்த நகரில் தங்குவது என்பதற்கும் பதிவும் இசைவும் தேவைப்பட்டன. குற்றவியல் சட்டத்தின் 58ஆம் பிரிவு, அரசுக்கு எதிரான பேச்சைக் குற்றமாக்கியதோடு, அத்தகைய குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பதையும் குற்றமாக்கியது. தந்தையைக் காட்டிக்கொடுத்தவனாகச் சொல்லப்பட்ட பாவ்லிக் மொரோசோவ் என்னும் சிறுவன் பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக நிறுத்தப்பட்டான்.

இவையெல்லாம் ஆணைகளால் மட்டும் நிறைவேறிவிடவில்லை. பல குடும்பங்கள் ஒரே சமையலறையைப் பகிர்ந்து வாழ்ந்த வீடுகளில், அண்டை அறை தனக்குக் கிடைக்கும் என்ற எண்ணத்தில் முறையீடு எழுதியவர் உண்டு. பதவியை விரும்பி எழுதியவர் உண்டு. அஞ்சி எழுதியவரும், நாட்டுக்கு நன்மை செய்வதாகவே நம்பி எழுதியவரும் உண்டு. கதவுக்குப் பின்னே பேசப்படுவதை அறியும் உரிமை அரசுக்கு இருக்கிறது என்று மக்களே ஒப்புக்கொண்ட பின், ஒற்றர்களின் வேலை எளிதாயிற்று.

இச்சூழலில்தான் 1933 நவம்பரில் ஸ்டாலினை இகழ்ந்து பதினாறு அடிகளில் மாண்டல்ஸ்டாம் ஒரு கவிதை இயற்றினார். அதைத் தாளில் எழுதாமல், நம்பிக்கைக்கு உரிய சிலருக்கு மட்டும் வாய்மொழியாகச் சொன்னார். போரிஸ் பாஸ்டர்நாக், அதைத் தாம் கேட்கவே இல்லை என்று கொள்ளுமாறும், வேறு எவருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். இதை வெறும் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. சட்டப்படி, அக்கவிதையைக் கேட்டு மௌனமாக இருந்த ஒவ்வொருவரும் குற்றவாளியே. செவி கொடுத்தவர் முன் இரண்டே வழிகள் இருந்தன: காட்டிக்கொடுப்பது, அல்லது குற்றத்தில் பங்கேற்பது.

1934 மே மாதத்தில் ஓர் இரவு, மாஸ்கோவில் அவரது வீட்டுக்குள் காவலர் நுழைந்தனர். லெனின்கிராடிலிருந்து விருந்தினராக வந்திருந்த அக்மதோவாவும் உடனிருந்தார். விடியும்வரை பெட்டிகளும் தாள்களும் கலைத்துத் தேடப்பட்டன. லுபியங்கா சிறையில் விசாரணை அதிகாரியின் கையில் அக்கவிதையின் படி ஏற்கெனவே இருந்தது. எழுதப்படாத கவிதை, கேட்டவர் ஒருவரின் நினைவிலிருந்தே அங்கு சென்றிருக்க முடியும். விசாரணையில் கவிஞரும் நிலை குலைந்தார். மனைவி, உடன்பிறந்தார், அக்மதோவா, அவர் மகன் உட்படத் தம்மிடம் அதைக் கேட்டவர்களின் பெயர்களைச் சொன்னார். கவிதையையும் தம் கையால் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்றுச் செர்டின் என்ற ஊருக்கு அனுப்பப்பட்டார். மனம் கலங்கிய நிலையில் அங்கே மருத்துவமனைச் சன்னலிலிருந்து குதித்தார். புகாரின் ஸ்டாலினுக்கு எழுதினார். ஸ்டாலின் பாஸ்டர்நாக்கைத் தொலைபேசியில் அழைத்து மாண்டல்ஸ்டாமைப் பற்றிப் பேசினார். பெருநகரங்கள் தவிர்த்த ஓர் ஊரைத் தேர்ந்துகொள்ளும் சலுகை கிடைக்க, கவிஞர் வரோனெஷைத் தேர்ந்தார். அந்த ஆகஸ்டில் மாஸ்கோவில் சோவியத் எழுத்தாளர்களின் முதல் மாநாடு சிறப்பாக நடைபெற்றது.

வரோனெஷில் வானொலியும் நாடக அரங்கும் தந்த சிறு வேலைகள் 1936இல் நின்றன. பழகியவர்கள் விலகினர். நடாஷா ஷ்டெம்பெல் என்னும் இளம் ஆசிரியை மட்டும் அஞ்சாமல் வந்து சென்றார். அவருடைய உயர்ந்த கவிதைகள் பல அங்கேதான் பிறந்தன. உயிர் காக்கும் முயற்சியாக 1937இல் ஸ்டாலினைப் போற்றி ஒரு பாடலும் எழுதினார். அது பயன் தரவில்லை.

1937 மே மாதத்தில் தண்டனைக் காலம் முடிந்தும் மாஸ்கோவில் வாழ இசைவு கிடைக்கவில்லை. நண்பர்கள் சிலர் ஓர் இரவு தங்க இடமும் சிறிது பணமும் தந்தனர். 1938 மார்ச் 16 அன்று எழுத்தாளர் சங்கத்தின் பொதுச்செயலாளர் ஸ்தாவ்ஸ்கி, உள்துறைத் தலைவர் யெஷோவுக்குக் கடிதம் எழுதினார். மாண்டல்ஸ்டாம் மாஸ்கோ வந்து எழுத்தாளர் வீடுகளில் தங்குவதையும், அவருக்காகப் பணம் திரட்டப்படுவதையும் குறிப்பிட்டு, இச்சிக்கலைத் தீர்க்க உதவுமாறு வேண்டினார். நண்பர்களின் ஈகையே அக்கடிதத்தில் குற்றச்சாட்டு ஆயிற்று. அதனுடன் பாவ்லென்கோ என்னும் எழுத்தாளரின் மதிப்புரையும் இணைக்கப்பட்டது. இவர் கவிஞரல்லர், செய்யுள் கட்டுபவரே என்பது அதன் கருத்து. இலக்கியத் திறனாய்வு காவல்துறைக் கோப்பில் ஓர் இணைப்பாயிற்று. ஒருகாலத்தில் பரிந்து பேசிய புகாரின் அதற்கு முந்தைய நாள்தான் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

எழுத்தாளர் நிதியத்தின் ஏற்பாட்டில் சமாதிகா ஓய்வில்லத்துக்குக் கணவனும் மனைவியும் அனுப்பப்பட்டனர். அங்கேயே மே 2 அன்று கவிஞர் கைது செய்யப்பட்டார். ஆகஸ்டில் ஐந்தாண்டு முகாம் தண்டனை விதிக்கப்பட்டது. 1938 டிசம்பர் 27 அன்று, விளாடிவோஸ்டோக் அருகே கைதிகளின் இடைத்தங்கல் முகாமில், 47ஆம் வயதில் உயிர் நீத்தார். மனைவி அனுப்பிய பொதி, பெறுநர் இறந்தார் என்ற காரணத்தால் திரும்பி வந்தது.

நடேஸ்டா ஊர் ஊராகச் சென்று ஆசிரியப் பணி செய்து, கணவரின் கவிதைகளை மனப்பாடமாகக் காத்தார். ஷ்டெம்பெல் போர்க்காலத்தில் கைப்படிகளைக் காத்தார். 1938ஆம் ஆண்டு வழக்கிலிருந்து 1956இலும், கவிதைக்காகத் தொடுத்த வழக்கிலிருந்து 1987இலும் கவிஞர் விடுவிக்கப்பட்டார். நடேஸ்டாவின் நினைவுக்குறிப்புகள் 1970இல் அயல்நாட்டில் வெளிவந்தன. அந்நூல் ஆட்சியாளரைச் சாடுவதோடு நின்றுவிடாமல், கற்றவர்கள் தம் தீர்ப்பாற்றலைத் தாமே கைவிட்ட வகையையும் விரித்துரைக்கிறது. 1980இல் அவர் மறைந்தார்.

சோவியத் ஆட்சியின் இறுதிக் காலத்தில் காவல்துறைக் கோப்புகள் திறக்கப்பட்டபோது, ஸ்தாவ்ஸ்கியின் கடிதமும் பாவ்லென்கோவின் மதிப்புரையும் வெளிச்சத்துக்கு வந்தன. அச்சங்கத்தின் வரலாற்றை எழுதுவோர், அது நடத்திய மாநாடுகளோடும் வெளியிட்ட மலர்களோடும், அதன் செயலாளர் அனுப்பிய இக்கடிதத்தையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.