கற்றவர் பணிந்த வாழ்வு: இமாம் கஸ்ஸாலி (ரஹ்)

கல்வியின் பயன் யாது? தூய அறிவே வடிவான இறைவனின் தாள் தொழுதலே அதன் பயன் என வள்ளுவப் பெருந்தகை விடை கண்டார். தமிழ் கற்போராகிய நாம் இளம் பருவத்திலேயே இதனை மனப்பாடம் செய்து விடுகிறோம். ஆயின் அதனை வாழ்ந்து பார்க்கும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு வாய்க்கிறது? தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன், தம் காலத்துக் கல்வியின் கொடுமுடியில் நின்ற ஒருவர் இவ்வினாவைத் தம்மை நோக்கியே எழுப்பினார். விடையை ஏற்க இயலாது திங்கள் பல தம்மோடு தாமே போராடினார், இறுதியில் பணிந்தார். அவரே ஹுஜ்ஜத்துல் இஸ்லாம், அதாவது இஸ்லாத்தின் சான்று எனப் போற்றப்பெறும் இமாம் அபூஹாமித் முஹம்மத் அல்கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்.

இளமையும் கல்வியும்

பாரசீகத்தின் குராசான் பகுதியிலுள்ள தூஸ் நகரில் 1058-ஆம் ஆண்டு (ஹிஜ்ரி 450) இமாம் அவர்கள் பிறந்தார்கள். எளிய நிலையில் வாழ்ந்த தந்தையார், இறக்குந் தறுவாயில் தம் மக்கள் முஹம்மதையும் அஹ்மதையும் சூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார் என்பர். விட்டுச் சென்ற சிறு பொருள் தீர்ந்தபின், உணவும் உறையுளும் கிடைக்கும் என்பதற்காகவே அச்சிறுவர்கள் மதரஸாவில் சேர்க்கப்பட்டனர். வயிற்றுக்காகக் கற்கப் புகுந்தபோதும், கல்வி இறைவனுக்கன்றிப் பிறிதொன்றுக்கு உரியதாக மறுத்துவிட்டதெனப் பின்னாளில் இமாம் அவர்கள் இதனை நினைவுகூர்ந்ததாகச் சொல்லப்படுகிறது.

வழிப்பறி நிகழ்ச்சி ஒன்றும் அவர்களுடைய வரலாற்றில் சுவையுறப் பேசப்படுகிறது. ஜுர்ஜானில் கற்றுத் திரும்பும்போது கொள்ளையர் அனைத்தையும் பறித்தனர். பாடக் குறிப்புகளையேனும் தருமாறு இளைஞர் கஸ்ஸாலி வேண்டினார். பறித்தால் போய்விடும் அறிவும் ஓர் அறிவோ எனக் கொள்ளையர் தலைவன் நகைத்தான். அச்சொல்லை இறைவன் அனுப்பிய எச்சரிக்கையாகக் கொண்ட அவர், மூன்றாண்டுகள் முயன்று குறிப்புகள் யாவற்றையும் நெஞ்சிலேற்றினார்.

பின்னர் நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் அல்ஜுவைனீ அவர்களிடம் பயின்றார்கள். ஆசிரியர் 1085-இல் மறைந்தபின், ஸல்ஜூக் பேரரசின் அமைச்சர் நிளாமுல் முல்க்கின் அவையில் அறிஞர் பலரை வாதில் வென்றார்கள். 1091-இல் பக்தாத் நிளாமிய்யா கல்லூரியின் பேராசிரியர் பதவி அவர்களை வந்தடைந்தது. அப்போது அவர்களுக்கு அகவை முப்பத்து மூன்று. முன்னமர்ந்து பாடங்கேட்ட மாணவர் முந்நூற்றுவர்.

நாவடைத்த நாள்கள்

இத்தனை உயர்விலும் இமாமின் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. தத்துவ நூல்களைக் கற்று அவற்றின் பிழைகளை மறுத்தெழுதினார்கள். சூஃபிகளின் நூல்களையும் கற்றார்கள். குடிவெறியின் இலக்கணத்தை அறிந்திருப்பதும் வெறியுற்றிருப்பதும் ஒன்றாகாதது போல, இறையச்சத்தைப் பற்றி அறிவதும் இறையச்சத்தோடு வாழ்வதும் வேறு வேறு எனத் தெளிந்தார்கள். தாம் கற்பித்து வந்தது எவருக்காக? தம்மையே வினவியபோது, இறைவனுக்காக அன்று, புகழுக்காகவே என்னும் கசப்பான விடை கிடைத்தது.

1095-ஆம் ஆண்டு ரஜப் மாதந் தொடங்கி ஏறத்தாழ ஆறு திங்கள் இப்போராட்டம் நிகழ்ந்தது. காலையில் துறக்கத் துணிவார்கள். மாலையில் பதவியாசை அத்துணிவைக் குலைத்துவிடும். இறுதியில் நா அடைத்துப் போயிற்று. ஒருநாளேனும் பாடஞ் சொல்ல முயன்றும் ஒரு சொல் எழவில்லை. உண்ட உணவும் செரிக்கவில்லை. நோய் உள்ளத்தில் பிறந்தது எனக் கூறி மருத்துவர்கள் கைவிட்டனர். தம் இயலாமையை முற்றும் உணர்ந்து இறைவனிடமே தஞ்சம் புகுந்தபின், பொருளையும் புகழையும் துறப்பது எளிதாயிற்று என இமாம் அவர்கள் தம் வரலாற்றை உரைக்கும் 'அல்முன்கித்' நூலில் எழுதியுள்ளார்கள். குடும்பத்தின் தேவைக்குரியதை மட்டும் நிறுத்தி, எஞ்சியதை அறஞ்செய்து, அவ்வாண்டின் இறுதியில் பக்தாதை நீங்கினார்கள்.

டமாஸ்கஸ் பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவடைத்துப் பகல் முழுதும் தனித்திருந்தார்கள். பின்னர் பைத்துல் முகத்தஸ் சென்றார்கள். நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில், அரசர்களை நாடுவதில்லை, அவர்தம் பொருளைப் பெறுவதில்லை, வாதப்போர் புரிவதில்லை என மூன்று உறுதிகளை மேற்கொண்டார்கள். அடுத்து மக்காவும் மதீனாவும் அவர்களை வரவேற்றன.

நாள்தோறும் ஒரு கணக்கு

ஒருமுறை துறத்தல் அரிது. நாள்தோறும் பணிதல் அதனினும் அரிது. குறைவாயினும் இடையறாது செய்யப்படும் நற்செயலே இறைவனுக்கு மிக உவப்பானது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை அன்றோ? இமாம் அவர்களின் பெருநூலாகிய 'இஹ்யா உலூமித்தீன்' இந்த இடையறாமையைக் கற்பிக்கவே எழுந்தது எனலாம். நான்கு பகுதிகளும் நாற்பது பாகங்களும் கொண்ட அந்நூல், கல்வியில் தொடங்கி, நடுவே நபிகளாரின் நற்குணங்களைக் கூறி, மரண சிந்தனையில் நிறைவுறுகிறது.

அதில் 'முஹாசபா' எனப்படும் தன்கணக்கு ஆய்தலை இமாம் அவர்கள் விளக்கும் முறை வணிகர் மரபில் வந்தோருக்கு எளிதில் விளங்கும். அறிவு ஒரு வணிகன். நஃப்ஸ் என்னும் மனம் அவனுடைய கூட்டாளி. வைகறையில் அவன் கூட்டாளியோடு உடன்படிக்கை செய்கிறான். பகலெல்லாம் அவனைக் கண்காணிக்கிறான். இரவில் கணக்குப் பார்க்கிறான். ஃபர்ளான கடமைகள் முதல், நஃபிலான வணக்கங்கள் இலாபம், பாவங்கள் நட்டம். முதலைக் காத்த பின்னரே இலாபத்தை எண்ணுதல் வேண்டும். கூட்டாளி தவறினால் கண்டித்துத் திருத்துதல் வேண்டும். அழியும் காசுக்குக் கணக்கெழுதும் மனிதன், மீளாத மூச்சுக்குக் கணக்கெழுதாதிருப்பது விந்தையன்றோ?

மீண்டும் பாடசாலைக்கு

தனிமை நாடிய இமாம் தனிமையிலேயே தங்கிவிடவில்லை. மக்கள்மீது கொண்ட பாசம் அவர்களை ஊருக்கு அழைத்தது. 1106-இல், நிளாமுல் முல்க்கின் மகன் ஃபக்ருல் முல்க்கின் அழைப்பினை ஏற்று நைஸாபூரில் மீண்டும் கற்பித்தார்கள். முன்னர் மதிப்பைத் தேடித்தரும் கல்வியைக் கற்பித்ததாகவும், பின்னர் மதிப்பாசையைத் துறக்கச் செய்யும் கல்விக்கு அழைத்ததாகவும் தம் இருநிலைகளை அவர்களே வேறுபடுத்திக் காட்டினார்கள். சில ஆண்டுகளில் தூஸ் நகருக்கே திரும்பினார்கள். மாணவர்க்கொரு மதரஸாவும் சூஃபிகளுக்கொரு தங்கலும் அமைத்து, குர்ஆன் ஓதுதல், ஹதீஸ் கற்றல், கற்பித்தல் எனப் பொழுதை வகுத்து வாழ்ந்தார்கள்.

1111-ஆம் ஆண்டு டிசம்பரில் (ஹிஜ்ரி 505) ஒரு திங்கட்கிழமை வைகறை. உளூச் செய்து தொழுதார்கள். தம் கஃபன் துணியைக் கேட்டு வாங்கி முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்கள். பேரரசனாகிய இறைவனின் திருமுன் செல்லும் கட்டளையைக் கேட்டேன், பணிந்தேன் எனும் கருத்துப்பட மொழிந்து, கிப்லாவை நோக்கிக் கால் நீட்டினார்கள். கதிரவன் எழுமுன் உயிர் பிரிந்தது. தம்பி அஹ்மத் அவர்கள் கூறியதாக இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது.

கல்லூரியில் கற்கும் நாமும் கற்பிக்கும் நாமும் இவ்வாழ்வின் முன் சற்றே நிற்றல் தகும். பதவியைத் துறந்து பாலைவழி செல்ல எல்லோரும் அழைக்கப்படவில்லை. ஆயின், நான் யாருக்காகக் கற்கிறேன் என்னும் வினா எல்லோர்க்கும் உரியது. இன்றிரவு உறங்குமுன் அன்றாடக் கணக்கில் ஒருவரியேனும் நேர்மையாக எழுதிப் பார்ப்போம். நாவடைக்கும் நாள் வருமுன் நெஞ்சு திறக்க வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.