உடைந்த குழாய் திறந்த வழி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. நுண்ணுயிரியல்

மரபுப் பொறியியல் பாடத்தைத் திறந்ததும் மூன்று பெயர்களை மனப்பாடம் செய்கிறோம்: ஆர்பர், ஸ்மித், நாதன்ஸ். டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் ரெஸ்ட்ரிக்ஷன் என்சைம்களுக்காக 1978-இல் நோபல் பரிசு பெற்றவர்கள் இம்மூவர். இவர்களுக்கு முன்னே, அப்படி ஒரு பொருள் உண்டென்று எவரும் எண்ணாத காலத்தில், அதன் காலடிச் சுவட்டைக் கண்ட ஒருவர் இருந்தார். சால்வடார் லூரியா என்பது அவர் பெயர். பரீட்சைக்கு அவர் வேண்டியதில்லை. ஆயினும் அவர் வரலாற்றைப் படித்த பின் நம் மலரில் எழுதாமலிருக்க என்னால் இயலவில்லை.

லூரியா 1912 ஆகஸ்டு 13-ஆம் நாள் இத்தாலியின் டூரின் நகரில், யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1935-இல் பட்டம் பெற்றார். ஜூசெப்பே லெவி என்ற பேராசிரியரிடம் அக்காலத்தில் பயின்ற ரீட்டா லெவி மோன்டால்சினி, ரெனாட்டோ டுல்பெக்கோ ஆகியோரும் பின்னாளில் நோபல் பரிசு பெற்றனர். ஓர் ஆசிரியரின் மாணவர் மூவர்! ஆனால் லூரியாவுக்கு மருத்துவத் தொழிலில் மனம் ஒட்டவில்லை. ரோம் நகருக்குச் சென்று, என்ரிகோ ஃபெர்மியின் கூடத்தில் இயற்பியல் கற்கலானார். அங்கே ஒருநாள் அவர் ஏறிய டிராம் வண்டி மின்சாரமின்றி நடுவழியில் நின்றுவிட்டது. பொழுது போகாமல் உடன் வந்தவரிடம் பேச்சுக் கொடுத்தார். அவர் ஜியோ ரீட்டா என்னும் பாக்டீரியா ஆய்வாளர். பாக்டீரியாவைத் தாக்கி அழிக்கும் வைரஸாகிய பேஜ், லூரியாவின் வாழ்வில் நுழைந்தது அந்தப் பேச்சின் வழியாகத்தான்.

1938-இல் முசோலினியின் அரசு இனச் சட்டங்களைக் கொண்டுவந்தது. அமெரிக்கா சென்று ஆராய அவருக்குக் கிடைக்கவிருந்த உதவித்தொகை, யூதர் என்பதால் கைநழுவியது. பாரிஸுக்குப் போனார், ரேடியம் நிலையத்தில் ஆராய்ந்தார். 1940 ஜூனில் ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியபோது சைக்கிள் ஒன்றில் ஏறித் தெற்கே புறப்பட்டார். மார்செய் துறைமுக நகரில் அமெரிக்க விசா கிடைத்தது. செப்டம்பர் 12-ஆம் நாள் நியூயார்க்கில் கரையிறங்கினார். சால்வத்தோரே என்றிருந்த பெயர் அங்கே சால்வடார் ஆயிற்று.

என் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். முதல் வாரம் யாரிடம் எதைக் கேட்பது என்றே தெரியாமல் நின்ற எனக்கு, நாடும் மொழியும் பெயரும் மாறிப்போன ஒருவர் மீண்டும் ஆய்வு மேசைக்கு வந்து சேர்ந்த விதம் பெரிதாகவே தோன்றுகிறது. ஆனால் அவர் முற்றும் துணையற்று நின்றார் எனல் ஆகாது. முன்பே அமெரிக்கா வந்துவிட்ட ஃபெர்மி அவருக்காகப் பரிந்துரைத்தார். ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவி கிட்டியது. நல்ல சொல் சொல்ல ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய காரியம்!

1943-இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அங்கு ஒரு விருந்தில், காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரத்தின் முன் நண்பர் ஒருவர் தோற்றுக்கொண்டே இருந்ததையும், திடீரென ஒருமுறை காசு கொட்டியதையும் கண்டார். பேஜை எதிர்க்கும் வல்லமை பாக்டீரியாவுக்கு, பேஜைச் சந்தித்த பின் வருகிறதா, முன்பே தற்செயலாகத் தோன்றிவிடுகிறதா என்பது அப்போது அவர் மனத்தைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி. சந்தித்த பின் வருவதாயின் எல்லாக் குழாயிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் பிழைத்தவை இருக்க வேண்டும். முன்பே தோன்றுவதாயின் சில குழாய்களில் ஒன்றுமிராது. சிலவற்றில் அந்த இயந்திரத்தைப் போலக் கொட்டும். சோதித்தார், கொட்டியது! மாக்ஸ் டெல்புருக் கணக்கு வகுத்துத் தர, இருவரும் அவ்வாண்டே வெளியிட்டனர். டி.என்.ஏ. புகழ் வாட்சன், இண்டியானாவில் லூரியாவின் முதல் ஆராய்ச்சி மாணவர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இனி நான் சொல்ல வந்த கதை. 1950-இல் அவர் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். டி-2 என்னும் பேஜை இ.கோலை பாக்டீரியாவின் ஒரு திரிந்த வகையில் வளர்த்தபோது, பாக்டீரியா செத்தது. புதிய பேஜோ வெளிவரவில்லை. வந்ததா என்று பார்க்க வழக்கமான இ.கோலை பரப்பிய தட்டில் ஊற்றுவார்கள். தட்டில் ஒரு புள்ளியும் விழாது. ஒருநாள் அந்த இ.கோலை வைத்திருந்த சோதனைக் குழாய் உடைந்துபோயிற்று. நம் ஆய்வகமாயிருந்தால் பிரேக்கேஜ் நோட்டில் பெயர் ஏறியிருக்கும்! லூரியா, உடன் ஆராய்ந்த ஜூசெப்பே பெர்டானியிடம் ஷிகெல்லா என்னும் சீதபேதி பாக்டீரியாவைக் கடன் வாங்கி ஊற்றினார். மறுநாள் தட்டு முழுதும் பேஜ் தின்ற புள்ளிகள். (நம் ஆய்வக அலமாரியில் லூரியா-பெர்டானி என்று எழுதிய ஊடகப் புட்டி உள்ளதே, அந்தப் பெர்டானிதான் இவர். ஊடகம் அவர் செய்தது. அவர் அதற்கு லூரியாவின் பெயரை வைக்கவேயில்லை என்பது வேடிக்கை.)

ஆக, பேஜ் வெளிவந்துதான் இருந்தது. பழைய வீட்டுக்குள் நுழைய முடியாதபடி ஏதோ ஒன்று அதில் மாறியிருந்தது. அந்த மாற்றம் பரம்பரையானதும் அன்று. ஷிகெல்லாவில் ஒருமுறை வளர்ந்ததும் பழைய இயல்பு திரும்பியது. லூரியாவும் மேரி ஹியூமனும் 1952-இல் இதை வெளியிட்டனர். காரணம் பின்னாளில் விளங்கியது. டி-2 தன் டி.என்.ஏ. மீது குளுக்கோஸைப் போர்த்திக்கொண்டு வருகிறது. அந்தத் திரிந்த இ.கோலையில் குளுக்கோஸ் போர்வை கிட்டவில்லை. போர்வையின்றி வழக்கமான இ.கோலைக்குள் நுழைந்தால் அங்குள்ள என்சைம்கள் அதை வெட்டிவிடுகின்றன. ஷிகெல்லாவில் அந்த வெட்டுக்காரர் இல்லை.

லூரியா இந்த நூலைக் கடைசிவரை பிடித்துச் செல்லவில்லை என்பது எனக்குச் சற்று ஏமாற்றமே. பிடித்துச் சென்றவர் வெர்னர் ஆர்பர். அந்நிய டி.என்.ஏ. துண்டாக்கப்படுகிறது என்பதை 1962-இல் அவரும் டெய்சி டுசுவாவும் காட்டினர். 1970-இல் ஹாமில்டன் ஸ்மித், குறித்த இடத்திலேயே வெட்டும் என்சைமைப் பிரித்தெடுத்தார். 1971-இல் டேனியல் நாதன்ஸும் காத்லீன் டானாவும் அதனால் ஒரு வைரஸின் டி.என்.ஏ.வை 11 துண்டுகளாக்கினர்.

அந்த என்சைமின் அமைப்புத்தான் என்ன? என் தாயார் தையல் வேலை செய்பவர். சாக்பீஸ் கோட்டைக் கண் பார்க்கும், கத்தரி வெட்டும். கத்தரிக்குக் கண் கிடையாது. என்சைமிலோ கண்ணும் கத்தரியும் ஒன்றே. நாம் படிக்கும் ஈகோ-ஆர்-ஒன் என்சைமை எடுத்துக்கொள்வோம். 276 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே மாதிரியான இரு பாதிகள், இரு கைகள் கோத்ததுபோல டி.என்.ஏ.வைப் பற்றுகின்றன. அது தேடும் வரிசை ஜி-ஏ-ஏ-டி-டி-சி. நாம் விகடகவி என்ற சொல்லைப் பின்னிருந்து படித்தாலும் அதே சொல் வரும். இங்கு அப்படியன்று; எதிர் இழையைப் பின்னிருந்து படித்தால்தான் அதே வரிசை வரும். அதனாலேயே இரு கைகளுக்கும் ஒரே முகம் தெரிகிறது. பற்றியதும் டி.என்.ஏ. சற்றே வளைந்து முறுகுகிறது. என்சைமின் விரல்கள் பள்ளத்துள் இறங்கி ஆறு எழுத்துகளையும் தடவிப் பார்க்கின்றன. ஆறும் சரியாயிருந்தால்தான் மக்னீசியம் அயனியோடு வெட்டுமிடம் ஒழுங்காக அமைகிறது. ஒரு நீர் மூலக்கூறு பாஸ்பேட் பிணைப்பை உடைக்கிறது. ஒவ்வோர் இழையிலும் ஜி-க்கும் ஏ-க்கும் இடையே வெட்டு விழுவதால் நான்கெழுத்து நீண்ட ஒட்டும் முனைகள் மிஞ்சுகின்றன. பாக்டீரியா தன் சொந்த டி.என்.ஏ.வில் உள்ளே இருக்கும் ஏ-யின் மேல் ஒரு மீதைல் குறியை வைத்துவிடுகிறது. அங்கே கை பொருந்தாது. லூரியாவின் பேஜில் போர்வை இல்லாததால் வெட்டு. இங்கே குறி இல்லாததால் வெட்டு. இந்த அமைப்பை எக்ஸ்-கதிர் வழியே கண்டு பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 1986-இல் வெளியிட்டபோது லூரியா உயிரோடிருந்தார்.

உடைந்த குழாய்க் கட்டுரை வந்த அதே 1952-இல், ஆக்ஸ்போர்டில் நடந்த கூட்டத்துக்குச் செல்ல அமெரிக்க அரசு அவருக்குப் பாஸ்போர்ட் மறுத்தது. அவரது இடதுசாரிக் கருத்துகளே காரணம். முசோலினிக்கு அஞ்சி வந்தவர் வாயடைத்து வாழ மறுத்தார்; வியட்நாம் போரையும் எதிர்த்தார். 1969-இல் டெல்புருக், ஹெர்ஷி ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். அவ்வாண்டே, அரசின் சுகாதார ஆய்வுக் குழுக்களில் சேர்க்கக் கூடாதவர் பட்டியலில் அவர் பெயர் இருந்ததும் செய்தித்தாளில் வெளியாயிற்று.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் 1959 முதல் பணியாற்றிய அவர், அங்கே புற்றுநோய் ஆய்வு மையத்தை நிறுவி அதன் முதல் இயக்குநரானார். அம்மையத்துக்கு அவர் வரவழைத்த இளைஞருள் பிலிப் ஷார்ப் ஒருவர். ஜீன்கள் துண்டுதுண்டாக அமைந்திருப்பதை ஷார்ப் 1977-இல் கண்டறிந்தார். ரெஸ்ட்ரிக்ஷன் என்சைம்களால் வெட்டிய வைரஸ் டி.என்.ஏ.தான் அதற்குக் கைகொடுத்தது. ஷார்ப்புக்கு நோபல் பரிசு 1993-இல் வந்தது. லூரியா அப்போது இல்லை. 1991 பிப்ரவரி 6-ஆம் நாள் லெக்சிங்டனில், மாரடைப்பால் அவர் காலமாகியிருந்தார்.