மும்மொழி கற்ற ஆசான்

நெய்யாற்றின்கரைக்கு அருகில், நெய்யாற்றின் கரையில் அமைந்த சிற்றூர் அருவிப்புரம். பாறசாலையைக் கடந்தால் குமரி மாவட்டம் தொடங்கிவிடும். மலையாளமும் தமிழும் கலந்து வழங்கும் இந்நிலத்தில் தவமும் தொண்டும் ஆற்றியவர் நாராயண குரு.

அவர் 1850-களில், திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் பிறந்தார். இளமைப்பெயர் நாணு. தந்தையார் மாடன் ஆசான் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். நாணு மலையாளம், வடமொழி, தமிழ் ஆகிய மும்மொழிகளிலும் புலமை பெற்றார். காயங்குளம் பகுதியில் இராமன்பிள்ளை ஆசானிடம் காவியங்களும் இலக்கணமும் பயின்றார். ஊர் திரும்பிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தமையால் நாணு ஆசான் என அழைக்கப்பெற்றார்.

பின்னர்த் துறவு பூண்டு, மருத்துவாழ்மலைக் குகையில் தவமிருந்தார். இன்று குமரி மாவட்டத்தில் உள்ள அம்மலை அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது.

அக்காலத் திருவிதாங்கூரில் ஈழவர் முதலிய மக்களுக்குப் பெருங்கோயில்களில் நுழைய உரிமையில்லை; பல பள்ளிகளும் அவர்தம் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. கோயிலில் தெய்வத்தை நிறுவும் உரிமையோ உயர்குலத்தார் சிலருக்கே உரியதாயிருந்தது. ஈழவர் குலத்தில் பிறந்த குரு, 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று நெய்யாற்றிலிருந்து எடுத்த கல்லை அருவிப்புரத்தில் சிவலிங்கமாக நிறுவினார். பழைய வழிபாடே புதிய மக்களின் உடைமையாயிற்று.

தாம் கற்ற தமிழையும் அவர் தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. திருக்குறளின் சில பகுதிகளையும், கண்ணுடைய வள்ளலாரின் ஒழிவிலொடுக்கத்தையும் மலையாளத்தில் பெயர்த்தார். தேவாரப் பதிகங்களைத் தமிழிலேயே இயற்றினார். தமிழ்ச் சைவ நெறி இவ்வாறு மலையாள மண்ணில் புதிய உருப்பெற்றது.

அவர்தம் மாணவர் குமாரன் ஆசான் உயர்கல்விக்காகப் பெங்களூருக்கும் கொல்கத்தாவுக்கும் சென்றார். திரும்பிவந்து மலையாளக் கவிதையில் புதுநெறி வகுத்தார். 1903-இல் குருவின் தலைமையில் தோன்றிய ஸ்ரீ நாராயண தரும பரிபாலன யோகத்தின் முதற்செயலாளரும் அவரே.

குருவின் வழிபாட்டு நெறியும் காலப்போக்கில் மாறியது. 1912-இல் வர்க்கலைச் சிவகிரியில் கல்வித் தெய்வமான சாரதைக்குக் கோயில் எடுத்தார். அங்கே அபிடேகமும் படையலும் இல்லை. பின்னாளில், கோயில்களைவிடப் பள்ளிகளைக் கட்டுவதே முதன்மையான பணி என்று மக்களுக்கு அறிவுறுத்தினார்.

1928-ஆம் ஆண்டு செப்டம்பர் 20 அன்று சிவகிரியில் குரு மறைந்தார். ஒரு மொழியில் கற்றதை மற்றொரு மொழியினர்க்கும், சிலருக்கே உரியதாயிருந்ததைப் பலருக்கும் வழங்கியதே அவர் ஆற்றிய கல்விப்பணி. மறுக்கப்பட்ட கல்வியைக் கேட்டுப் பெற்ற தலைமுறைகள் அதன் பயனாய் எழுந்தன.