கணக்கறிந்த தொண்டர்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் என்னும் பழம்பெரும் ஊர் உள்ளது. அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு பொறிக்கப்பட்டுள்ளன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊர் வாரியங்களுக்குக் குடவோலை வாயிலாக உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படுதற்குத் தகுதியற்றவர் என்பது அவற்றுட் கண்ட விதிகளுள் ஒன்று. பொதுப்பணி புரிவோர்க்குக் கணக்கில் தூய்மை வேண்டும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊர்கள் உணர்ந்திருந்தன. அவ்வுணர்வைத் தம் வாழ்வின் அறமாகக் கொண்ட தமிழர் ஒருவர் 20ஆம் நூற்றாண்டில் விளங்கினார். அவரே ஜே. சி. குமரப்பா.

குமரப்பா 1892ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தார். ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் என்பது பெற்றோர் இட்ட பெயர். தந்தையார் பொதுப்பணித் துறையில் அலுவல் பார்த்தவர். அன்னையார் இறைப்பற்று மிக்கவர். இளைஞரான பின் அவர் இலண்டன் மாநகர் சென்று கணக்காய்வுக் கலை பயின்றார். தாயகம் திரும்பிப் பம்பாயில் அத்தொழிலை நடத்தி நற்பெயரும் பொருளும் ஈட்டினார். நடையிலும் உடையிலும் மேனாட்டு முறையையே அவர் அந்நாளில் விரும்பி மேற்கொண்டிருந்தார்.

1927ஆம் ஆண்டு அவர் உயர்கல்வி பெற அமெரிக்கா சென்றார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வாணிக மேலாண்மை பயின்று, பின் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். இந்தியா ஏன் வறுமையுற்றது என்பது பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவு நாளிதழில் வெளிவந்தது. அதனைக் கண்ட பேராசிரியர் செலிக்மன், அப்பொருளையே ஆராயுமாறு அவரைத் தூண்டினார். அரசின் வரவு செலவுகளை அவர் துருவி நோக்கினார். ஏழை உழவர் கொடுத்த வரி அவர்க்கே பயன்படாது வேறு வழியிற் செல்வதைக் கண்டார். அந்நாள் வரை வாணிகர்தம் ஏடுகளைத் திருத்திய அவர் உள்ளம், ஒரு நாட்டின் கணக்கே பிழைபட்டிருப்பதை அறிந்து துடித்தது.

அவ்வாராய்ச்சி நூலோடு அவர் 1929ஆம் ஆண்டு மே திங்களிற் சபர்மதி ஆசிரமத்திற்குச் சென்றார். மடிப்புக் கலையாத மேனாட்டு உடையணிந்து சென்ற அவர், மரத்தடியில் சாணம் மெழுகிய தரையிலமர்ந்து நூல் நூற்றுக் கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டார். அவரே காந்தியடிகள் என்றறிந்ததும், தம் உடை பாழாகுமே என்றும் எண்ணாது தாமும் தரையில் அமர்ந்தார். குசராத்தின் மாத்தர் வட்டத்து ஊர்களின் பொருள்நிலையை ஆய்ந்தறியும் பணியை அடிகள் அவரிடம் ஒப்புவித்தார். கணக்கர் ஊர் ஊராக நடந்தார். குடிசைதோறும் வரவையும் செலவையும் பசியையும் கேட்டு எழுதினார். விரைவில் கதராடை பூண்டு, குடும்பத்தின் பழம்பெயராகிய குமரப்பா என்பதையே தம் பெயராகக் கொண்டார். திருமணம் செய்து கொள்ளாது நாட்டுத் தொண்டிற்கே தம்மை ஈந்தார்.

1934ஆம் ஆண்டு பீகாரைப் பெருநிலநடுக்கம் தாக்கியது. துயர்துடைப்பு நிதியின் கணக்கைக் காக்கும் பொறுப்பு குமரப்பாவினிடம் வந்தது. தொண்டர்தம் உணவுச் செலவிற்கு மிகச் சிறு தொகையே அவர் ஒதுக்கினார். அந்நாளிற் காந்தியடிகளும் அவருடன் வந்தோரும் அங்கு வந்தனர். அவர்தம் செலவை நிவாரண நிதியிலிருந்து தர இயலாது என்று குமரப்பா தெரிவித்து விட்டார். வீடிழந்தோர்க்கென மக்கள் கொடுத்த பணம் அது. அதிலிருந்து ஒரு காசும் வேறு வழியிற் செல்லலாகாது என்பதே அவர் கொள்கை. அடிகள் சினவாது, அதனை முறையென ஏற்றுக்கொண்டார்.

அவ்வாண்டின் இறுதியில் அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியது. வார்தாவிலுள்ள மகன்வாடி அதற்கு இருப்பிடமாயிற்று. குமரப்பா அதன் செயலாளராகிக் கூட்டுவாழ்வு வாழ்ந்தார். பல சமயத்தினரும் அங்கு ஒருங்கே வழிபட்டனர், இடத்தைத் தாமே துப்புரவு செய்தனர், உடலுழைப்பில் ஈடுபட்டனர். செக்கில் எண்ணெய் ஆட்டுதல், கையாற் காகிதம் செய்தல், நெல் குற்றுதல், தேனீ வளர்த்தல், பனைவெல்லம் காய்ச்சுதல் முதலிய தொழில்கள் அங்கே ஆராயப்பட்டன. மண்ணெண்ணெயை நாடாது, ஊரில் விளையும் வித்துகளின் எண்ணெயால் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கும் அங்கு உருவாயிற்று. தொழிலையே வழிபாடாகக் கொள்ளும் வாழ்வு பிற நாட்டிலும் இருந்ததுண்டு. அமெரிக்காவிற் சேக்கர்கள் என்னும் கிறித்தவக் குழுவினர் மணத்தைத் துறந்து, உடைமையைப் பொதுவாக்கி வாழ்ந்தனர். வீண் அணி ஏதுமின்றி அவர்கள் செய்த நாற்காலிகளும் பெட்டிகளும் எளிமையாலும் உறுதியாலும் புகழ் பெற்றன. செய்யும் பொருளிற் செய்வோரின் ஒழுக்கம் விளங்கும் என்பதற்கு அவை சான்றாகும்.

குமரப்பாவோ இன்னும் ஒரு படி மேற்சென்றார். செய்வோர்க்கு மட்டுமன்றி, வாங்குவோர்க்கும் பொறுப்பு உண்டு என்று அவர் கற்பித்தார். அடிமைகளை வருத்தி விளைவித்த பொருளை விலை மலிவென்று வாங்குவோன், அக்கொடுமையிலும் பங்கு கொள்கிறான். தொலைவிலிருந்து வரும் பொருள் எவ்வாறு உண்டாயிற்று என்று அறிதல் அரிது. அருகிலுள்ள குயவரும் தச்சரும் செய்யும் பொருளின் வரலாற்றை நாம் நேரே அறியலாம். ஆதலின் ஊர்த்தொழில்களைப் பேணுதல் பொருளியல் மட்டுமன்று, அறமும் ஆகும் என்பது அவர் கருத்து.

1942ஆம் ஆண்டு விடுதலைப் போராட்டத்தையொட்டிச் சிறைப்பட்ட அவர், ஜபல்பூர்ச் சிறையில் இயேசு பெருமானின் போதனைகள் பற்றியும் நிலைத்த பொருளாதாரம் பற்றியும் இரு நூல்கள் எழுதினார். 1945ஆம் ஆண்டு வெளிவந்த அவற்றிற்குக் காந்தியடிகள் முன்னுரை வழங்கினார். பிற உயிரைக் கொன்று தின்னும் புலியும் உண்டு. தேனைப் பெறும்போதே மலர்கள் காய்த்தற்கு உதவும் தேனீயும் உண்டு. மனிதன் தேனீயைப் போல் வாழ்தல் வேண்டும். அதனினும் உயர்ந்து, கைம்மாறு கருதாது குஞ்சைப் பேணும் தாய்ப்பறவையைப் போல் வாழ்தல் வேண்டும். எடுப்பது மிகுந்து கொடுப்பது குறையுமாயின், இயற்கையின் ஏட்டிலும் கடன் ஏறும். நீரும் மண்ணும் காடும் அருகி வரும் இந்நாளில் அக்கணக்கின் உண்மையை உலகம் உணர்ந்து வருகின்றது.

நாடு விடுதலை பெற்ற பின், காங்கிரசு அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவிற்கு அவர் தலைமை தாங்கினார். 1949ஆம் ஆண்டு வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, உழுபவர்க்கும் அரசிற்கும் இடையே இடைத்தரகர் இருத்தலாகாது என்று வற்புறுத்தியது. பதவியை அவர் நாடவில்லை. தம் இறுதி ஆண்டுகளை மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டியில், காந்திநிகேதன் ஆசிரமத்தில் எளிய குடிலொன்றிற் கழித்தார். அவர் தம் அறையில் ஏழை உழவன் ஒருவனின் படத்தை வைத்திருந்தார். அது யார் படம் என வினவியோர்க்கு, காந்தியடிகள் தம் ஆசான் என்றும், அவ்வுழவன் தம் ஆசானுக்கும் ஆசான் என்றும் கூறுவார். 1960ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள், அடிகள் மறைந்த அதே நாளில், அவரும் இம்மண்ணுலக வாழ்வை நீத்தார்.

ஒரு பொருளை வாங்குமுன் அதன் விலையைக் கேட்பது யாவர்க்கும் இயல்பு. அதனைச் செய்த கைகள் யாவருடையவை, அக்கைகட்கு உரிய கூலி கிட்டியதா என்று கேட்பதே குமரப்பா காட்டிய கணக்கு. அக்கணக்கை நாமும் கற்போமாயின், நம் ஊர்களும் உழைப்போரும் உயர்வடைவர்.