பாட்டு போட்டதற்கு வீடே போச்சு: ராணுவத்தை எதிர்த்துப் பாடிய ஃபெலா குட்டி யார்?

1977 பிப்ரவரி 18. நைஜீரியாவின் லாகோஸ் நகரில் ஒரு பாடகரின் வீட்டை சுமார் 1,000 ராணுவ வீரர்கள் சுற்றி வளைத்தார்கள். உள்ளே இருந்தவர்களை அடித்து நொறுக்கி, வீட்டுக்குத் தீ வைத்தார்கள். ஸ்டுடியோ, இசைக்கருவிகள், ஒலிநாடாக்கள் எல்லாம் சாம்பல். பாடகரின் 76 வயது அம்மாவை மாடி ஜன்னல் வழியாகத் தூக்கி வீசினார்கள்.

அந்தப் பாடகர்தான் ஃபெலா குட்டி. 'ஆஃப்ரோபீட்' இசையை உருவாக்கியவர். இப்போ ரீல்ஸில் ஓடும் 'ஆஃப்ரோபீட்ஸ்' வேறு, இது வேறு. ஆனா அதற்கும் வேர் இங்கேதான் இருக்கு.

1938-ல் அபேயோகுட்டா என்ற ஊரில் பிறந்தவர். அப்பா பள்ளித் தலைமையாசிரியர். அம்மா ஃபுன்மிலாயோ லேசுப்பட்டவர் இல்லை. பெண்கள் மீதான வரியை எதிர்த்துப் போராடி, 1949-ல் உள்ளூர் அரசரையே பதவி விலக வைத்தவர்.

1958-ல் டாக்டருக்குப் படிக்க லண்டனுக்கு அனுப்பினா, ஃபெலா போய்ச் சேர்ந்தது டிரினிட்டி இசைக் கல்லூரியில். 1969-ல் அமெரிக்கா போனபோது கறுப்பின உரிமைப் போராட்டம் அறிமுகமானது. ஊர் திரும்பியவரின் பாட்டில் அரசியல் ஏறியது. எல்லோருக்கும் புரியணும் என்று பேச்சுவழக்கு ஆங்கிலமான பிட்ஜினில் பாடினார். ஒரு பாட்டு 10 நிமிடத்துக்கு மேல் ஓடும். ரெக்கார்டு செய்து முடித்த பாட்டை மேடையில் மறுபடி பாடவே மாட்டார்!

தன் வீட்டுக்கு 'கலகுட்டா குடியரசு' என்று பேர் வைத்து, அது தனி நாடு என்று அறிவித்தார். பிறகு வந்தது 'ஸோம்பி' ஆல்பம். உத்தரவு போட்டால் யோசிக்காமல் ஆடும் நடைப்பிணங்கள் என்று ராணுவ வீரர்களைக் கிண்டலடித்த பாட்டு. தெருவெல்லாம் ஹிட். ராணுவ அரசு சும்மா விடுமா? வீடு எரிந்தது.

காயமடைந்த அம்மா 1978 ஏப்ரலில் இறந்துபோனார். தீ வைத்தது யாரென்று விசாரித்த குழு சொன்ன பதில், யாரோ ஒரு அடையாளம் தெரியாத சிப்பாய். வந்தது 1,000 பேர்! ஃபெலா ஒரு சவப்பெட்டியைச் சுமந்துபோய் ராணுவ ஆட்சியின் தலைமையகமான டோடன் பாரக்ஸ் வாசலில் இறக்கினார். இரண்டையுமே பாட்டாக்கினார்.

அவர் புனிதர் ஒன்றும் இல்லை. 1978-ல் ஒரே நாளில் 27 பெண்களைத் திருமணம் செய்தவர். அதிகாரத்தை அத்தனை கேள்வி கேட்டவர், தன் வீட்டுப் பெண்கள் விஷயத்தில் அதே கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

1984-ல் வெளிநாட்டுப் பணத்தைக் கடத்தினார் என்று வழக்கு. 20 மாதம் சிறை. 1986-ல் வெளியே வந்தார்.

1997 ஆகஸ்ட் 2-ல், 58 வயதில் இறந்தார். லாகோஸில் இறுதி மரியாதைக்கு சுமார் 10 லட்சம் பேர் திரண்டார்கள். எய்ட்ஸ் என்ற நோயையே நம்பாதவர் அவர். ஆனா அவர் உயிரைப் பறித்தது எய்ட்ஸ் பாதிப்புதான். அதை மறைக்காமல் நாட்டுக்கு அறிவித்தவர் அவருடைய அண்ணன் ஒலிகோயே, நைஜீரியாவின் முன்னாள் சுகாதார அமைச்சர்.