கலங்கரை விளக்கம் சமைத்த ஸ்மித்

பாம்பன், கீழக்கரை விளக்கங்களை அறிந்த எம் கடலாடிப் பக்கத்தார்க்குக் கலங்கரை விளக்கம் புதிதன்று. அதனை அமைத்தவர் யாவர் என வினவுவோரே அரியர். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்துள் ஒளியிழந்து நிற்கும் கற்றூணை வகுத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்பார்.

1805-ஆம் ஆண்டிற் பிறந்த இவர், இளமையிலேயே சென்னைப் பொறியியற் படையிற் சேர்ந்தார். அக்காலத்துச் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, மசூலாப் படகுகளே மக்களையும் சரக்கையும் அலைகடந்து கரைசேர்த்தன. 1796 முதற் கோட்டைக் கட்டிடமொன்றின்மேல் எரிந்த எண்ணெய் விளக்கே மாலுமிகட்குத் துணை. அது போதாமையின், சுமார் 125 அடி உயரமுள்ள ஸ்மித்தின் தூண் எழுந்து, 1844-இல் ஒளிவீசத் தொடங்கிற்று. கிரேக்கக் கோயிற்றூணை ஒத்தது அதன் வடிவம்.

எனினும் இவருடைய மெய்யான காதல் சுண்ணாம்பின்மேல் என்றே கூறுவேன். வீக்கா என்னும் பிரெஞ்சு அறிஞர் சாந்துவகைகளைப் பற்றி இயற்றிய நூலை ஆங்கிலத்திற் பெயர்த்து, புதிய சோதனைகளைப் பற்றிய குறிப்புக்களையும் சேர்த்து, 1837-இல் வெளியிட்டார். நீருள்ளும் இறுகும் சுண்ணாம்பு அந்நூல் ஆராயும் பொருள்களுள் ஒன்று. பின்னர்ச் சென்னை நாணயசாலைத் தலைவராயும் விளங்கி, 1882-இற் காலமானார்.

பன்னிரண்டாண்டு கழித்து, 1894-இல், விளக்கு உயர்நீதிமன்றக் கோபுரத்திற்கு மாறிற்று. 1977-இல் அங்கிருந்து மெரினாக் கடற்கரைக்குச் சென்றது. தூணோ இடிபடாமல் நிற்கின்றது. ஆயினும் அதற்குப் பகை கடற்காற்றின் உப்பு மட்டுமன்று. பழங்காரை உதிர்ந்தவிடத்துச் சிமெண்டைப் பூசின், உட்புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லையே தின்னும். சுண்ணாம்புக் காரையே அங்கு இடத்தக்கது. அதனைக் குழைக்கும் முறையை, தூண் எழுமுன்னரே ஸ்மித் அச்சேற்றி வைத்திருந்தார்.